ஸ்பெக்ட்ரோ ரீடிங் ஆடுதா? ஸ்டாண்டர்டைசேஷன் போடறதுக்கு முன்னாடி எலக்ட்ரோடு நுனிய பாருங்க

ஸ்பார்க் ஓஇஎஸ் மெஷின், அதாவது மெட்டல் சாம்பிள்ல ஸ்பார்க் அடிச்சு, வர்ற வெளிச்சத்த வச்சு எந்த எலிமென்ட் எவ்ளோ இருக்குன்னு அளக்கறது, ஃபவுண்டரியில எல்லாரும் சும்மா ஸ்பெக்ட்ரோன்னு கூப்பிடறது, அதுல கன்ட்ரோல் சாம்பிள் (அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) லிமிட்ட தாண்டினா நிறைய லேப்ல உடனே ஸ்டாண்டர்டைசேஷன் போட்டுடறாங்க. போட்டதும் ரீடிங் நேராயிடும், ஷிஃப்ட் முடியறதுக்குள்ள திரும்ப ஓடிடும், திரும்பவும் போடுவாங்க. அது என்ன பண்ணுதுன்னா வர்ற வெளிச்சத்த ஒரு ஃபேக்டரால பெருக்கி பழைய அளவுக்கு இழுத்துட்டு வருது, அவ்ளோதான். வெளிச்சம் ஏன் மாறிச்சுன்னு அதுக்கு எப்படி தெரியும்? நுனி மழுங்கி ஸ்பார்க் கிளம்பற இடமே நகர்ந்திருந்தா அதையும் சேர்த்து கணக்குல பூசி மறைச்சிடும், நுனி இன்னும் கொஞ்சம் மாறினதும் அந்த கணக்கும் கவுந்துடும்.

அதனால அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க மெஷின்ல எது தெரியுதோ அங்க நேரா போயிடுங்க. அடுத்த பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, பின்னாடி சொல்றதெல்லாம் அத வச்சுதான்.

நுனி என்ன வேலை பார்க்குது

ஸ்டாண்ட்ல மேல சாம்பிள், கீழ டங்ஸ்டன் எலக்ட்ரோடு, நடுவுல மெஷினுக்கு தகுந்த மாதிரி சுமார் 3-லருந்து 5 மில்லிமீட்டர் கேப், சுத்தி ஆர்கான். கூரான இடத்துல மின்புலம் குவியும், அதனால கிலோவோல்ட் கணக்குல இக்னிஷன் பல்ஸ் வரும்போது ஸ்பார்க் அந்த நுனியிலருந்தே கிளம்பி ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அச்சுல சாம்பிளுக்கு போகும். இது செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவ நடக்குது. இப்ப வர்ற மெஷின்கள்ல சாம்பிள்தான் கேத்தோடு, ஆர்கான் அயனி அங்க மோதி மெட்டல பிச்சு எடுக்குது, டங்ஸ்டன் ஆனோடா இருக்கறதாலயும் அதோட உருகுநிலை 3400 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கறதாலயும் அது பெருசா தேயாது. ஆனா தேயலன்னாலும் அதோட வடிவம் மாறிட்டேதான் இருக்கும், ஏன்னா சாம்பிள்லருந்து கிளம்பற ஆவி வந்து நுனி மேல படியுது. படிய படிய கேப் குறையும், ஒரு பக்கமா முள் மாதிரி வளர்ந்துட்டா ஸ்பார்க் அந்த முள்ளுலருந்து கிளம்ப ஆரம்பிச்சிடும்.

இன்னொரு விஷயம், ஆப்டிக்ஸ் அந்த பிளாஸ்மா முழுசையும் ஒரே மாதிரி பார்க்கறதில்ல, ஒரு குறிப்பிட்ட பகுதியதான் பார்க்குது. பிளாஸ்மாவும் எல்லா உயரத்துலயும் ஒண்ணா இருக்காது, சாம்பிள ஒட்டின பகுதியில அயனி லைனும் (லைன்னா ஒரு எலிமென்ட் விடற குறிப்பிட்ட அலைநீள வெளிச்சம்) பின்னணி வெளிச்சமும் பலமா இருக்கும், விலகி ஆற ஆற அணு லைன் கை ஓங்கும். அப்ப கேப் கொஞ்சம் மாறினாலோ ஸ்பார்க் சாய்ஞ்சாலோ மெஷின் பார்க்கற துண்டே வேற துண்டு.

நுனி கோணம் பெரும்பாலும் 90 டிகிரி, சில மெஷின்ல 120. ரொம்ப கூரா இருந்தா நுனி சூடு தாங்காம உருகி உருண்டையாகிடும், ரொம்ப தட்டையா இருந்தா ஸ்பார்க் எங்கருந்து கிளம்பணும்னு தெரியாம தட்டையான பரப்பு பூரா அலையும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் கம்பெனிக்காரன் ஒரு கோணத்த முடிவு பண்ணி கொடுத்திருக்கான், அத நம்ம கிரைண்டர்ல மாத்தக்கூடாது.

மெஷின் நல்லா ஓடற ஒரு நாள்ல எலக்ட்ரோடு நுனியையும் கன்ட்ரோல் சாம்பிள்ல விழுந்த பர்ன் ஸ்பாட்டையும் (ஸ்பார்க் பட்ட தடம்) போன்ல குளோசப் எடுத்து வச்சிடுங்க. கோளாறு வந்த நாள்ல ஒப்பிட வேற எதுவும் கையில இருக்காது.

அறிகுறி: பர்ன் ஸ்பாட் வெள்ளையா பளபளன்னு இருக்கு, எல்லா இன்டென்சிட்டியும் குறைவு

நல்ல ஸ்பாட்ல நடுவுல சாம்பல் நிறத்துல உருகின குழி, சுத்தி தெளிவா ஒரு கருப்பு வளையம் இருக்கும். வெள்ளையா, குழி இல்லாம, மேலோட்டமா வெளுத்த மாதிரி இருந்தா டிஸ்சார்ஜ் குவியாம பரவிடுச்சுன்னு அர்த்தம், மெட்டல் சரியா ஆவியாகல.

இதுக்கு எலக்ட்ரோட குத்தம் சொல்லாதீங்க, கடைசியா பாருங்க. மொதல்ல ஆர்கான். 99.999 சதவீத சுத்தம்னு சிலிண்டர்ல எழுதியிருந்தாலும் ரெகுலேட்டர்ல, ஜாயின்ட்ல, ஸ்டாண்ட் பிளேட்டுக்கு கீழ இருக்கற ஓ-ரிங்ல காத்து உறிஞ்சினா போச்சு, ஆக்சிஜனும் ஈரமும் சில பிபிஎம் போதும் ஸ்பார்க்க கெடுக்க. சிலிண்டர அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணாதீங்க, கடைசியில ஈரம் அதிகமா வரும். ரப்பர் டியூபோ பிளாஸ்டிக் டியூபோ போட்டிருந்தா கழட்டி காப்பர் இல்ல ஸ்டெயின்லெஸ் போடுங்க, பிளாஸ்டிக் வழியா ஈரம் மெதுவா உள்ள வந்துட்டே இருக்கும்.

அடுத்து சாம்பிள். ஸ்டாண்ட் பிளேட் ஓட்டையை முழுசா மூடுதா, கிரைண்டிங் கோடு ஆழமா இருந்து அது வழியா காத்து போகுதா, பிளோஹோல் (வாயு மாட்டி உண்டான ஓட்டை) மேல ஸ்பார்க் விழுந்துச்சா, கிரைண்ட் பண்ணி தண்ணியில முக்கி ஈரத்தோட வச்சாங்களா (சூடா இருக்குன்னு தண்ணியில முக்கற பழக்கம் எல்லா ஃபவுண்டரியிலயும் இருக்கு, எவ்ளோ சொன்னாலும் மாறாது). இதெல்லாம் சுத்தம்னா அப்புறம் நுனிய பாருங்க. அங்க தடிப்பா படிவு இருந்து கேப் மாறியிருந்தாலும் ஸ்பார்க் குவியாது, ஆனா அப்ப ஸ்பாட் ஒரு தடவ நல்லா ஒரு தடவ மோசமாவும் வரும், ஆர்கான் கோளாறுன்னா விடாம மோசமாவே வரும்.

அறிகுறி: ஸ்பாட் நடுவுல விழல, நீள்வட்டமா பிறை மாதிரி ஒரு பக்கமா இழுத்திருக்கு

இதுதான் அசல் எலக்ட்ரோடு கோளாறு, இங்க கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க.

பவர் ஆஃப் பண்ணிட்டு பிளேட்ட கழட்டி நுனிய லென்ஸ்ல பாருங்க. ஒரு பக்கம் மட்டும் படிவு ஏறியிருந்தா அநேகமா பிரஷ் கோளாறு. ஒவ்வொரு பர்னுக்கும் (ஒரு தடவ ஸ்பார்க் அடிக்கறது) அப்புறம் பிரஷ் போடறோம், அந்த பிரஷ்ஷோட கம்பி ஒரு பக்கமா மடங்கிப் போயிருந்தா நுனியோட ஒரு பக்கத்த மட்டும்தான் தேய்க்கும், மறுபக்கம் மலை மாதிரி வளரும். பிரஷ் விலை கம்மிதான், அத மிச்சம் பிடிக்க வேண்டாம். சில பேர் பிரஷ்ஷ மேல அழுத்தி திருகுவாங்க, கிளாம்ப் ஸ்குரு லூசா இருந்தா அதுல எலக்ட்ரோடு கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி கேப் பெருசாகும், யாருக்கும் தெரியாது.

படிவு இல்ல, நுனி சுத்தமாதான் இருக்கு, ஆனாலும் ஸ்பாட் ஒதுங்குதுன்னா இத பண்ணுங்க: எலக்ட்ரோட கிளாம்ப்ல லூஸ் பண்ணி அரை சுத்து திருப்பி, கேப் கேஜ் வச்சு உயரத்த சரி பண்ணி டைட் பண்ணி, அதே சாம்பிள்ல ஸ்பார்க் அடிங்க. ஸ்பாட்டும் எதிர் பக்கம் போயிடுச்சுன்னா எலக்ட்ரோடு வளைஞ்சிருக்கு, இல்ல நுனி மையத்துல இல்ல, மாத்திடுங்க. ஸ்பாட் பழைய பக்கமே விழுந்துச்சுன்னா எலக்ட்ரோடு மேல தப்பில்ல, ஸ்டாண்ட் பிளேட் நகர்ந்திருக்கும், இல்லாட்டி ஆர்கான் போற வழியில கருப்பு தூசி அடைச்சு வாயு ஒரு பக்கமா வீசி ஸ்பார்க்க தள்ளுது. தூசிய எடுத்துட்டு பாருங்க.

அந்த கருப்பு தூசி பத்தி ஒரு எச்சரிக்கை. அது ரொம்ப நைசா உறைஞ்ச மெட்டல், முக்கியமா அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம் அடிக்கற மெஷின்ல ஆர்கான் எக்ஸாஸ்ட் ஃபில்டர திறந்து காத்து பட்டதும் பத்திக்க வாய்ப்பிருக்கு. மானுவல்ல சொன்ன மாதிரிதான் திறக்கணும், குப்பைத்தொட்டியில பேப்பரோட கொட்டக்கூடாது.

அறிகுறி: காலையில சரி, போக போக எல்லாம் மெதுவா நகருது

இங்கதான் ஆளுங்க அதிகமா குழம்பறாங்க, ஏன்னா மூணு வேற கோளாறு ஒரே முகத்தோட வரும்.

மொதல்ல சதவீதத்த பார்க்கறத விட்டுட்டு ரா இன்டென்சிட்டிய (வகுக்காத நேர் வெளிச்ச அளவு) திறங்க. சதவீதம் எல்லாம் ரேஷியோ, அதாவது எலிமென்ட் லைன இரும்பு லைனால வகுத்தது. 1925-ல வால்தர் கெர்லாக் கொண்டு வந்த இன்டர்னல் ஸ்டாண்டர்ட் யோசனைதான் இது, ஸ்பார்க் ஏறினாலும் இறங்கினாலும் ரெண்டு லைனும் சேர்ந்து ஏறி இறங்கும், ரேஷியோ நிக்கும். பிரமாதமான யோசனை, ஆனா கோளாற ரொம்ப நேரம் மறைச்சும் வச்சிடும். இரும்பு ரெஃபரன்ஸ் லைன், உதாரணமா 187.7 நானோமீட்டரோ 271.4-ஓ உங்க மெஷின்ல எதுவோ, அதோட கவுண்ட்ட நல்ல நாளோட ஒப்பிடுங்க.

சின்ன அலைநீள லைன்கள், அதாவது பாஸ்பரஸ் 178.3, சல்ஃபர் 180.7, கார்பன் 193.1, இதுங்க அதிகமா விழுந்து பெரிய அலைநீளத்துல இருக்கறதுங்க கொஞ்சமா விழுந்திருந்தா, விண்டோ இல்ல லென்ஸ் அழுக்கு, அதுவும் இல்லாட்டி ஆப்டிக்ஸ் உள்ள வாக்குவம் அல்லது ஆர்கான் சுத்தம் கெட்டிருக்கு. எலக்ட்ரோடுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

அலைநீளத்த பொறுத்து வரிசையா விழாம, பக்கத்து பக்கத்து லைன்லயே ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கியிருந்தா, அயனி லைனும் அணு லைனும் தனித்தனியா பிரிஞ்சு போனா, கேப் மாறியிருக்கு. மேல சொன்ன அந்த வேற துண்டு கதைதான். கேஜ் வச்சு பாருங்க, படிவு இருந்தா பிரஷ் போட்டுட்டு பாருங்க, ஏன்னா படிவோட அளந்து உயரம் வச்சா பிரஷ் போட்டதும் கேப் பெருசாகிடும்.

எல்லாமே ஒரே விகிதத்துல விழுந்து ரேஷியோ ஆடாம இருந்தா அவசரம் இல்ல, நுனி கொஞ்சம் மழுங்க ஆரம்பிச்சிருக்கும், இல்ல விண்டோ லேசா மங்கியிருக்கும். குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த மெயின்டனன்ஸ்ல பாருங்க.

எலக்ட்ரோடும் கேப்பும் சரி பண்ணின பிறகு ஸ்டாண்டர்டைசேஷன் போடுங்க. இப்ப போட்டாதான் அது நிக்கும்.

அறிகுறி: ஸ்டெயின்லெஸ் அடிச்சிட்டு மைல்ட் ஸ்டீல் அடிச்சா மொத பர்ன்ல குரோமியம், நிக்கல் எட்டிப் பார்க்குது

நுனியில ஒட்டியிருந்த பழைய சாம்பிள் திரும்ப ஆவியாகி வெளிச்சத்துல கலக்குது. பிரஷ் போட்டு, புது கிரேடுலயே ரெண்டு மூணு பர்ன் சும்மா அடிச்சு தூக்கிப் போட்டுட்டு அப்புறம் கணக்குல எடுங்க. இரும்பு, அலுமினியம், காப்பர்னு பேஸ் மாத்தி மாத்தி அடிக்கற மெஷின்னா பேஸுக்கு ஒரு எலக்ட்ரோடு தனியா வச்சு லேபிள் ஒட்டிக்கோங்க, மாத்தும்போது ஸ்டாண்டையும் துடைச்சிடுங்க. அலுமினியம் நுனியில படியற வேகம் இரும்ப விட அதிகம், அங்க பிரஷ் விஷயத்துல சோம்பேறித்தனம் செல்லாது.

அறிகுறி: கார்பன் மட்டும் ஆடுது, மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது

எலக்ட்ரோட விடுங்க. நுனி கெட்டா அது எல்லா எலிமென்ட்டையும் தொடும், கார்பன மட்டும் தேடிப்பிடிச்சு கெடுக்காது. கோயம்புத்தூர் பக்கம் பம்புக்கும் மோட்டாருக்கும் கிரே அயர்ன் ஊத்தற லேப்கள்ல இது அடிக்கடி வரும், காரணம் சாம்பிள் சரியா சில் ஆகல, அதாவது வேகமா உறையல. காப்பர் மோல்டுல வேகமா உறைஞ்சா கார்பன் கார்பைடா பரவலா இருக்கும், உடைச்சா வெள்ளையா தெரியும். மெதுவா உறைஞ்சா கிராஃபைட் தனியா பிரிஞ்சிடும், ஸ்பார்க் அத சரியா அளக்காது. சாம்பிள் உடைச்ச முகத்த பாருங்க, சாம்பலா இருந்தா மெஷின தொடாதீங்க, மோல்ட பாருங்க. சிலிக்கான் கார்பைடு பேப்பர்ல தேய்க்கறீங்களான்னும் பாருங்க, அதுலருந்து சிலிக்கானும் கார்பனும் ரெண்டுமே சாம்பிள் மேல ஏறும்.

அறிகுறி: ஸ்பார்க் விட்டு விட்டு வருது, சத்தம் மாறிடுச்சு, இல்ல வரவே இல்ல

நல்ல பர்னுக்கு ஒரு சீரான இரைச்சல் இருக்கும், மெஷினோட பழகினவங்களுக்கு காதுலயே தெரிஞ்சிடும். கேப் பெருசாயிருந்தா இக்னிஷன் தாண்ட முடியாம விட்டு விட்டு அடிக்கும். எலக்ட்ரோட சுத்தி இருக்கற இன்சுலேட்டர் மேல மெட்டல் தூசி படிஞ்சிருந்தா கரன்ட் நுனிக்கு போகாம பக்கவாட்டுல ஓடிடும், சாம்பிள்ல ஸ்பாட்டே விழாது, ஆனா உள்ள சத்தம் வரும். இன்சுலேட்டர கழட்டி துடைங்க, கருகின கோடு விழுந்திருந்தா மாத்துங்க. சாம்பிளுக்கும் கிளாம்புக்கும் நடுவுல துருவோ பெயின்ட்டோ இருந்தாலும் இதே கதைதான். இன்டர்லாக்க (திறந்தா கரன்ட்ட நிறுத்தற பாதுகாப்பு சுவிட்ச்) ஏமாத்திட்டு திறந்து வச்சு பார்க்கற வேலை மட்டும் வேண்டாம், அங்க இருக்கறது ஆள கொல்ற வோல்டேஜ்.

அறிகுறி: புது எலக்ட்ரோடு போட்டதுலருந்துதான் கோளாறே

புது நுனி பழகறதுக்கு கொஞ்சம் பர்ன் எடுக்கும், கன்ட்ரோல் சாம்பிள் ஒரே மாதிரி திரும்ப திரும்ப வர்ற வரைக்கும் வேஸ்ட் சாம்பிள்ல அடிச்சிட்டே இருங்க. அதுக்கப்புறமும் நிக்கலன்னா எங்க வாங்கினீங்கன்னு கேட்கணும். வெல்டிங் செக்‌ஷன்லருந்து டிக் (TIG) வெல்டிங் ராடு வாங்கி தேய்ச்சு போடற ஐடியா நிறைய பேருக்கு வருது, அதுவும் டங்ஸ்டன்தானேன்னு. தடிமன் வேற, டிக் நுனி ரொம்ப கூரு, அந்த கூரு இங்க உருகி உருண்டையாகி கேப்ப மாத்திடும். அது போக சிவப்பு பட்டை போட்ட ராடுல 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கு, அது கதிரியக்கம் உள்ளது, அத பெஞ்ச் கிரைண்டர்ல தேய்ச்சு தூசிய மூச்சுல இழுக்கறதெல்லாம் நல்லதுக்கில்ல. ஒரிஜினல் எலக்ட்ரோடு வாங்கிடுங்க.

கிராஃபைட் எலக்ட்ரோடு வச்சு டிசி ஆர்க் அடிக்கறவங்களுக்கு

பவுடர், தாது, ஆக்சைடு சாம்பிளுக்கு இன்னும் டிசி ஆர்க் (ஸ்பார்க்குக்கு பதிலா விடாம எரியற மின்வில்) ஓட்டற லேப் இருக்கு. அங்க எலக்ட்ரோடு வடிவம் இன்னும் பெரிய ஆளு, ஏன்னா சாம்பிளே எலக்ட்ரோடுக்குள்ளதான் இருக்கு. வழக்கமா கீழ ஆனோடா ஒரு கிராஃபைட் கப்பு, மேல கூர் சீவின கேத்தோடு.

ஆர்க் கப்பு விளிம்புல காத்துல ஆடற அகல் விளக்கு சுடர் மாதிரி அலைஞ்சு, ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் இன்டென்சிட்டி மாறுதுன்னா கப்பு சுவர் தடிமனா இருக்கு, இல்ல மேல் எலக்ட்ரோடு நுனி தட்டையாயிடுச்சு. மெல்லிசு சுவர், கப்புக்கு கீழ கழுத்து கடைஞ்சு சன்னமாக்கின வடிவம், இது ரெண்டும் சூட்ட கீழ இறங்க விடாம கப்புலயே பிடிச்சு வைக்கும், சாம்பிள் வேகமா ஒரே சீரா ஆவியாகும். கழுத்து இல்லாத கப்புல டங்ஸ்டன், மாலிப்டினம், ஜிர்கோனியம் மாதிரி கஷ்டமா ஆவியாகறதுங்க பாதி உள்ளயே தங்கிடும், ஜிங்க், காட்மியம், லெட் எல்லாம் ஆரம்பத்துலயே ஓடிப்போயிருக்கும், எக்ஸ்போஷர் நேரம் தப்பா வச்சா ஒண்ணு கிடைச்சா ஒண்ணு கிடைக்காது.

இந்த முந்திப் பிந்தி ஆவியாகறத கோளாறா பார்க்காம ஆயுதமா மாத்தினவங்க ஸ்கிரிப்னரும் முல்லினும். 1946-ல யுரேனியத்துல இருக்கற கலப்படத்த அளக்க, யுரேனியம் ஆக்சைடோட 2 சதவீதம் காலியம் ஆக்சைடு கலந்து ஆர்க் அடிச்சாங்க, கலப்படம் எல்லாம் காலியத்தோட சேர்ந்து வெளிய வந்துடும், ஆயிரக்கணக்குல லைன் போட்டு ஸ்பெக்ட்ரத்த நாசம் பண்ற யுரேனியம் கப்புலயே உட்கார்ந்திருக்கும். கேரியர் டிஸ்டிலேஷன்னு பேரு. கப்போட ஆழமும் சுவரும் மாறினா அந்த பிரிவினையே கலங்கிடும்.

ஆர்க் பத்தினதும் பவுடர் பொத்துன்னு வெளிய தெறிச்சா உள்ள மாட்டின வாயுவுக்கு வழி இல்ல. பவுடர அமுக்கின பிறகு நடுவுல ஒரு ஊசியால ஓட்டை போடுங்க, போதும்.

388 நானோமீட்டர் பக்கமும் 421 பக்கமும் பெரிய பட்டை வந்து லைன மூடுதுன்னா அது சயனோஜன், கிராஃபைட்டோட கார்பனும் காத்துல இருக்கற நைட்ரஜனும் சேர்ந்து உண்டாக்கறது. நுனிய என்ன சீவினாலும் போகாது, கப்ப சுத்தி ஆர்கானும் ஆக்சிஜனும் கலந்து ஊதணும், 1954-ல காத்து ஊதறதுக்கு வந்த ஸ்டால்வுட் ஜெட்ட பின்னாடி அதுக்கு பயன்படுத்தினாங்க. ஆர்க்கும் கூடவே நிலைச்சு நிக்கும்.

எஞ்சின் ஆயில் அடிக்கற ரோட்ரோடு மெஷின்ல

ஆயில்ல தேய்மான மெட்டல் பார்க்கற வேலை 1940-கள்ல அமெரிக்காவுல டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்ரோட்ல டீசல் லோகோவுக்கு ஆரம்பிச்சது. ரோட்ரோடு மெஷின் அமைப்பு இப்படி: கிராஃபைட் டிஸ்க் ஆயில்ல முங்கி சுத்தும், மேல சீவின கிராஃபைட் ராடு, நடுவுல 3 மில்லிமீட்டர் கேப்.

ரிப்பீட் சரியா வரலன்னா ராட ஒவ்வொரு பர்னுக்கும் புதுசா சீவறீங்களான்னு பாருங்க, இங்க ஸ்பார்க் காத்துலயே அடிக்கறதால கிராஃபைட் எரிஞ்சு தேயும், டங்ஸ்டன் மாதிரி பிரஷ் போட்டு திரும்ப ஓட்ட முடியாது. டிஸ்க்கும் ஒரு தடவைக்குதான், அதோட துளைகள்ல பழைய ஆயில் ஊறி நிக்கும். எல்லா சாம்பிள்லயும் சோடியம் வருதுன்னா கூலன்ட் லீக்னு அலறதுக்கு முன்னாடி டிஸ்க்க வெறும் கையில எடுத்து மாட்டினது யாருன்னு கேளுங்க, வியர்வை உப்பு. இரும்பு கம்மியா காட்டுது ஆனா ஃபில்டர்ல கண்ணுக்கே துகள் தெரியுதுன்னா மெஷின் சரியாதான் இருக்கு, சுமார் 10 மைக்ரானுக்கு மேல போன துகள்கள ஸ்பார்க் முழுசா ஆவியாக்காது, அதுக்கு ஃபெர்ரோகிராஃபி (துகள காந்தத்தால பிரிச்சு மைக்ராஸ்கோப்ல பார்க்கறது) பண்ணணும்.

இத்தனையும் பார்த்தும் தீரலன்னா சர்வீஸ் எஞ்சினியர கூப்பிடுங்க. கூப்பிடும்போது நுனி படம், ஸ்பாட் படம், நல்ல நாள் படம், ரெஃபரன்ஸ் லைன் கவுண்ட் அன்னைக்கு எவ்ளோ இன்னைக்கு எவ்ளோ, கேப் அளவு, கடைசியா சிலிண்டர் மாத்தின தேதி இதெல்லாம் கையில இருக்கட்டும், போன்லயே பாதி முடிஞ்சிடும், அவர் வரும்போதும் சரியான ஸ்பேரோட வருவார்.